ஒரே கவுன், மூன்று கட்டு

கேள்வி: என் அக்காவின் திருமணம் வருகிற மே மாதம் எங்கள் பங்குக் கோவிலில் நடக்கவிருக்கிறது. தோழிகளாக நிற்கப்போகும் ஐந்து பேருக்கும், இடுப்பிலிருந்து இரண்டு நீளமான பட்டைகள் தொங்குகிற, விதவிதமாகக் கட்டிக்கொள்ளக்கூடிய கவுனை ஒரே துணியில் தைக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பீச் நிறம் என்று முடிவும் செய்துவிட்டாள். காலையில் திருப்பலி, மாலையில் கடற்கரையில் படம் பிடித்தல், இரவில் மண்டபத்தில் வரவேற்பு. மூன்றுக்கும் இந்த ஒரே உடுப்பு போதுமா? எங்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தாராளமாகப் போதும். இந்தக் கவுனில் தைத்து முடிக்கப்பட்ட பகுதி என்பது வட்டப் பாவாடையும் இடுப்புப் பட்டியும் மட்டுமே. மேற்பகுதி முழுவதும், இடுப்பின் முன்பக்கத்தில் சேர்த்துத் தைத்த இரண்டு பட்டைகளைக் கொண்டு நாமே கட்டிக்கொள்வது. ஆகவே உடுப்பைக் கழற்றாமலேயே, பட்டைகளை அவிழ்த்து வேறு விதமாகக் கட்டினால் தோற்றம் மாறிவிடும். இருபது வகை, முப்பது வகை என்று காணொளிகளில் காட்டுவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை மூன்று கட்டு; அந்த மூன்றையும் கண்ணாடி பார்க்காமல் கட்டுகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. லைக்ரா கலந்த ஜெர்சி வகைப் பின்னல் துணிதான் இதற்கு ஏற்றது. அது இழுவைக்கு ஈடுகொடுக்கும், வெட்டிய ஓரத்தில் நூலும் பிரியாது. பட்டைகளுக்கு ஓரம் அடிக்க வேண்டாம் என்று தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் பழக்கத்தில் அவர் இன்டர்லாக் போட்டுவிட்டால் ஓரம் நெளிநெளியாகி, தோளில் படியாமல் நிற்கும். ஒவ்வொரு பட்டையும் சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு முழங்கைக்குச் சற்றுக் குறைவான அகலமும் இருக்க வேண்டும். இரண்டும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால்தான் நெஞ்சின் நடுவே இடைவெளி விழாது. 150 செ.மீ. அகலத் துணியில் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் பிடிக்கும். பீச் நிறத்தைப் பற்றி அக்காவிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள்: மே மாதப் புழுக்கத்தில், அக்குளிலும் முதுகிலும் ஊறும் வியர்வை இந்த மாதிரி இளநிறங்களில் ஈரத்திட்டாகத் தெரியும். கருநீலமோ ஒயின் சிவப்போ எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

காலையில் கோவிலுக்கு, தோளை மூடும் கட்டே முறை. பட்டைகளை நேராக மேலே கொண்டுபோய், தோள்முனை வரை நன்றாக விரித்துப் போர்த்தி, முதுகில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டவிட்டு, முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் முடியுங்கள். குட்டைக்கை வைத்துத் தைத்த உடுப்பு போலவே இருக்கும். முதுகில் தெரியும் இடைவெளிக்கு அதே நிறத்தில் ஒரு டியூப் டாப்பை உள்ளே அணிந்துகொள்ளலாம்; அது இல்லாமல் எந்தக் கட்டையும் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து, முடிச்சு ஒன்று தளர்ந்தாலும் பதற வேண்டியிராது. பாவாடையின் நீளத்தை மட்டும் வெறுங்காலில் நின்று அளவு கொடுங்கள். ஹீல்ஸ் போட்டு அளவு கொடுத்துவிட்டு, நம் பக்கத்துக் கோவில்களின் வழக்கப்படி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தால், விளிம்பு காலில் தட்டிப் பீடத்துக்கு முன்னால் தடுமாற நேரும். பின்னல் துணியில் வெட்டிய வட்டப் பாவாடை தன் எடையிலேயே இறங்கும் என்பதால், ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்ட பிறகே விளிம்பை வெட்டி மடிக்கச் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தைக்காரருக்கு, பட்டைகளை நெஞ்சின் மேலேயே குறுக்கே மாற்றித் தோளுக்கு ஏற்றும் கட்டுதான் வசதி. ஒரு பக்கத்தை மட்டும் விலக்கிப் பாலூட்டிவிட்டு மறுபடி இழுத்துவிட்டால் போதும், எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை. அவருக்கு மட்டும் டியூப் டாப்புக்குப் பதிலாக, பாலூட்டுவதற்கென்றே திறப்பு வைத்துத் தைத்த உள்ளாடை வேண்டும். ஐந்து பேரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. ஒரே நிறத்தில் ஆளுக்கொரு கட்டாக நிற்பதுதான் இந்த உடுப்புக்கே அழகு.

மாலையில் எடுக்கும் படத்தைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிவிடும். மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கச் செய்த கடற்காற்று அது. வட்டப் பாவாடை அதற்கு எம்மாத்திரம்? கச்சான் நாட்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் என்பது கடலுக்குப் போகும் உங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே படம் பிடிப்பவர் அலை வேண்டும் என்று கேட்டாலும், வடகடல் கரையில் தென்னை மறைப்பு உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் பாவாடை முன்னால் பறக்கும், கூந்தல் முகத்தில் விழும். காற்றை எதிர்கொண்டு நின்றால் இரண்டும் பின்னால் போகும். உள்ளே நீளமான லெகிங்ஸ் கட்டாயம். விளிம்பு பறக்காமலிருக்க, வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டைத் தைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்: ஈயம் துணியில் கறுப்பாகப் பிடிக்கும், இழுவைத் துணியும் அந்த எடையில் தொங்கிப்போகும்.

இந்தக் காற்றில் விரித்துப் போர்த்திய பட்டைகள் நிற்க மாட்டா. ஒவ்வொன்றையும் கயிறு போல முறுக்கி, பிடரிக்குப் பின்னால் ஒரு முடிச்சிட்டு, மிச்சத்தை முதுகு வழியே இறக்கி இடுப்பில் சுற்றிக் கட்டுங்கள். நுனிகளைச் சுற்றுக்குள் செருகி ஓர் ஊக்குக் குத்திவிட வேண்டும். அழகான கட்டுதான், ஆனால் மேற்பாரம் முழுவதையும் கழுத்து தாங்குவதால் படம் எடுக்கும் நேரத்துக்கு மேல் அதில் இருக்க வேண்டாம்; உடல் கனமானவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இரவு வரவேற்புக்கு, இரண்டு பட்டைகளையும் சேர்த்து முறுக்கி இடது தோளில் மட்டும் ஏற்றுங்கள். சேலை முந்தானை விழும் பக்கமே அதுவும் என்பதால், பட்டுடுத்திய பெரியவர்களுக்கு நடுவே நிற்கும்போது உறுத்தாது. ஐந்து பேரும் ஒரே தோளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஈஸ்டரோடு தவக்காலமும் முடிந்துவிடும். அந்த நாட்களில் ஊரில் திருமணங்கள் நெருக்கமாக வரும் என்பதால், தையற்காரர் கைக்கு ஈஸ்டருக்கு முன்பே துணி போய்விட வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுத் திருமணத்தில் பெண்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சிக்கு, என் தங்கைமார் இதே கவுனைக் கேட்கிறார்கள். கை, கழுத்து, முதுகு எதுவும் தெரியாமல் உடுத்த வழியுண்டா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: உண்டு. அதே நிறத்தில் முழுக்கை வைத்த, கழுத்தை ஒட்டிய பின்னல் துணிச் சட்டையை உள்ளே அணிந்து, அதன் மேல் மேலே சொன்ன கோவில் கட்டைக் கட்டினால் போதும். இரண்டையும் ஒரே கடையில், ஒரே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) வெட்டி வாங்குங்கள். வேறு வேறு தானாக இருந்தால் நிறம் ஒரு சாயல் மாறி, உள்சட்டை தனியாகத் தெரியும். முக்காட்டுக்கு இந்தப் பட்டைகளைப் பயன்படுத்த வேண்டாம். இழுவைத் துணி தலையிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். தனியாகப் பருத்தித் துப்பட்டாவே நிலைக்கும். இரண்டு அடுக்காக அணிவதால் புழுக்கம் கூடும் என்பதை மனத்தில் வைத்து, பாலியஸ்டரைத் தவிர்த்து விஸ்கோஸ் ஜெர்சியாக எடுப்பது நன்று.

கேள்வி: சென்ற ஆண்டு தைத்த இந்த வகைக் கவுன் ஒருமுறை கடற்கரைக்குப் போய்வந்ததிலிருந்து பிசுபிசுக்கிறது, பட்டைகளும் நீண்டுவிட்டன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான் அந்தப் பிசுபிசுப்பு. உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். இயந்திரத்தில் போடுவதானால் பட்டைகளை மடித்து வலைப்பைக்குள் இட வேண்டும், இல்லையென்றால் மற்றத் துணிகளோடு முறுக்கிக்கொண்டு நீளும். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள். நீண்டுபோன பட்டையின் நுனியைக் கூரான கத்தரியால் நேராக வெட்டிவிடலாம். பிரியாத துணி என்பதால் தைக்க வேண்டிய வேலையும் இல்லை.