அரிசியை விட்டவரின் ஆயுள்

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், தமிழக எல்லையருகே உள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்ப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 54. சென்ற மார்கழியில் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிந்ததும் பேலியோ முறைக்கு மாறி, அரிசி, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். எட்டு மாதத்தில், மாத்திரை இல்லாமலேயே, 84 கிலோவிலிருந்து 73-க்கு வந்துவிட்டேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.8 விழுக்காட்டிலிருந்து 6.1 ஆனது. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 118-லிருந்து 171-க்கு ஏறியிருக்கிறது. ஓணத்தன்று ஒரே ஒருநாள் சத்யா என்னும் இலை விருந்தை உண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 248. மாவுச்சத்தைக் குறைத்தால் ஆயுளில் நான்கு ஆண்டு குறையும் என்று ஓர் ஆய்வைக் கோவையில் படிக்கும் என் மகள் காட்டுகிறாள். உடல் கெட்டுவிட்டதா? பழையபடி சோற்றுக்கே திரும்பிவிடவா?

மு.

அன்புள்ள மு.,

நான் மருத்துவன் அல்லன். இத்துறை ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள் காட்டியது 2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் நான்கு ஊர்ப்பகுதிகளில் 45 முதல் 64 வயதுக்குட்பட்ட 15,428 பேரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கவனித்துவந்தார்கள். உண்ணும் கலோரியில் 50 முதல் 55 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு மிகக் குறைவாகவும், அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் கூடுதலாகவும் இருந்தது. 50 வயதில் இருக்கும் ஒருவர், நடுவளவில் உண்பவரானால் மேலும் 33 ஆண்டுகளும், 30 விழுக்காட்டுக்கும் குறைவாக உண்பவரானால் 29 ஆண்டுகளும் வாழக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்ட நான்கு ஆண்டு இதுதான்.

அந்த மதிப்பீட்டை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அவர்கள் என்ன உண்டார்கள் என்பதைக் கேள்வித்தாள் வழியாக, முதல் ஆறேழு ஆண்டுகளுக்குள் இரண்டே முறைதான் கேட்டார்கள். மேலும், மாவுச்சத்தை மிகக் குறைவாக உண்ட பிரிவில் புகைப்பவர்களும், உடல் பருத்தவர்களும், உடற்பயிற்சி குறைந்தவர்களும், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களும் மற்றப் பிரிவுகளைவிட அதிகம். இந்த வேறுபாடுகளைக் கணக்கில் சரிசெய்தார்கள் என்பது உண்மையே என்றாலும், அப்படிச் சரிசெய்வதால் வேறுபாடு முழுவதும் நீங்கிவிடும் என்று புள்ளியியலாளர் எவரும் உறுதி தரமாட்டார்.

அதே ஆய்வின் மறுபாதிதான் உங்களுக்கு வேண்டியது. குறைத்த மாவுச்சத்தின் இடத்தில் மாடு, ஆடு, பன்றி, கோழி இறைச்சியை வைத்தவர்களிடையே இறப்பு கூடியது. பயறு, பருப்பு, கொட்டை, காய்கறி வகைகளை வைத்தவர்களிடையே குறைந்தது. உங்கள் கடிதத்தில் நீங்கள் விட்டவற்றின் பட்டியல் இருக்கிறது. அவற்றின் இடத்துக்கு எது வந்தது என்று ஒரு வரியும் இல்லை. எல்டிஎல் ஏறியிருக்கும் விதத்தைப் பார்த்தால் வெண்ணெயும், தேங்காயெண்ணெயில் வறுத்த இறைச்சியும் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தேங்காயெண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல், எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு என்பதைச் சொன்னால் நம் எல்லைப் பக்கத்தில் யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

ஓணத்தன்று கண்ட 248, உடல் கெட்டுவிட்டதற்கு அடையாளம் அன்று. பல மாதங்கள் மாவுச்சத்து வராதபோது, தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகி, கிடைக்கும் குளுக்கோஸை மூளைக்கு விட்டுக்கொடுக்கின்றன. உண்டவுடன் சுரக்கும் இன்சுலினின் முதல் வீச்சும் மந்தமாகிறது. அந்நிலையில் பாயசத்தோடு கூடிய இலை ஒன்று திடீரென்று வந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்கு வருபவர்களை முந்தைய மூன்று நாட்கள் நாளொன்றுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து உண்டுவரச் சொல்வது இதனால்தான். ஆனால் 6.1 என்பதையும் நோய் போய்விட்டது என்று படித்துவிடாதீர்கள். அடுப்பை அணைத்திருக்கிறீர்கள், உலை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

நீண்டகாலத்தில் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சோதனை ஆய்வுகள் தரும் விடை சிறியது. 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 23 சோதனைகளைத் தொகுத்தது. ஆறு மாதத்தில் சராசரிச் சர்க்கரை 6.5-க்குக் கீழே வந்தவர்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 விழுக்காடு, மற்றவர்களில் 31 விழுக்காடு. ஓராண்டில் அந்த இடைவெளி பெரும்பாலும் கரைந்துவிட்டது. எல்டிஎல் சற்றே மோசமாகியிருந்தது. மிகக் கடுமையாகக் குறைத்தவர்களால் அதைத் தொடர முடியவில்லை என்பது இடைவெளி கரைந்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் எட்டாவது மாதத்தில் ஓண இலைமுன் அமர்ந்ததும் அதுவே.

ஆகவே முன்பு உண்ட சோற்றளவுக்குத் திரும்ப வேண்டாம். வேலந்தாவளத்தில் நான் மதியம் உண்ணும் கடையில் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சோற்றைக் குன்றுபோல் வைத்து, மேலும் இருமுறை கேட்காமலேயே போடுகிறார்கள். பயறு உப்பேரி என்னும் பொரியல் மட்டும் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்திய உணவில் கலோரியின் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்வதன் கண்கண்ட வடிவம் அந்த இலை. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னதும் அதே ஆய்வுதான். மட்டை அரிசியில் தவிடு கொஞ்சம் எஞ்சியிருக்கிறது, அது நல்லதே. ஆனால் மாவுச்சத்தின் அளவில் அது மற்ற அரிசிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை.

நம் வீடுகளின் கஞ்சியும் பயறும் நல்ல உணவு. அளவு மட்டும் தலைகீழாக இருக்கிறது. சோறு ஒரு கிண்ணம், அதில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து; சிறுபயறோ கடலையோ அதைவிடக் கூடுதலாக; கூடவே மத்தி, ஒரு பிடி நிலக்கடலை, இரண்டு காய். ஒரேயடியாகச் சேர்க்காமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகச் சேருங்கள். ஓணத்தில் பார்த்த ஏற்றம் அப்போது தணிகிறதா என்று கருவியில் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அரிசியை நிறுத்தக் கூடாது. முன்னதில் சர்க்கரை திடீரென்று தாழும்; பின்னதில், சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களால் இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகலாம்.

171 என்ற எல்டிஎல்லை, சர்க்கரை நோயும் உள்ள நிலையில், உணவால் மட்டும் சமாளிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். வெண்ணெயையும் வறுவலையும் குறைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கும் அறிக்கையில் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.