கட்டி தட்டிய சிமெண்டைச் சலித்துத் தளத்துக்குப் போடலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்கிறோம். மழை, பணத்தட்டுப்பாடு என்று வேலை நான்கு மாதம் நின்றுவிட்டது. வாங்கி வைத்த 40 மூட்டை சிமெண்ட் கீழ் அறையிலேயே கிடந்தது. பிரித்துப் பார்த்தால் பலவற்றில் கட்டி. சலித்துவிட்டுத் தளத்துக்கே போடலாம், கொஞ்சம் சிமெண்ட் கூடச் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. 'சுண்ணாம்பு நாள்பட நாள்பட உசத்தி, சிமெண்டும் அப்படித்தான்' என்கிறார் காரைக்குடிக்காரரான என் மாமனார். மூட்டைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பழையதை எடுத்துக்கொண்டு புதியது தருவதாக ஒருவர் வந்து சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தளத்துக்கு வேண்டாம். தூண், பீம், லிண்டல், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எதற்கும் வேண்டாம். வந்து கேட்ட அந்த நபருக்கு ஒரு மூட்டைகூடக் கொடுக்காதீர்கள்.

சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். இந்த வினை ஒரு துகளுக்கு ஒரு முறைதான் நடக்கும். உங்கள் அறைக்குள் வந்த ஈரக்காற்று அதை மூட்டைக்குள்ளேயே தொடங்கி வைத்துவிட்டது. தளத்தில் இறுக வேண்டியது சாக்கில் இறுகிக் கிடக்கிறது.

சல்லடையில் தங்குவது கட்டி மட்டுமே. கீழே விழும் மாவும் வாங்கிய அன்றிருந்த மாவல்ல. ஈரம் முதலில் பிடிப்பது மிக நுண்ணிய துகள்களை. சீக்கிரம் பலம் தருபவையும் அவைதான். மூன்று மாதத்தில் சுமார் 20 சதவீதம், ஆறு மாதத்தில் சுமார் 30 சதவீதம் பலம் குறையும் என்று பாடநூல்கள் தோராயமாகச் சொல்கின்றன. கட்டி தட்டும் அளவுக்கு ஈரம் ஏறிய மூட்டைக்கு அந்தக் கணக்கும் உதவாது. எவ்வளவு போயிற்று என்றே தெரியாதபோது, எவ்வளவு கூடச் சேர்த்தால் ஈடாகும் என்று மேஸ்திரி எப்படிச் சொல்கிறார்?

மாமனார் சொல்வது சுண்ணாம்புக்குச் சரி. நீற்றிய வெண்சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது, மேலும் குழைவாகும். அது இறுகுவதற்குக் காற்றில் உள்ள கரியமில வாயு வேண்டும். தண்ணீருக்குள் அது கிடைப்பதில்லை. சிமெண்டுக்கோ தண்ணீர்தான் வேண்டும். முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சுர்க்கி என்ற சுட்ட செங்கல் பொடியைக் கலந்ததும் ஈரத்திலேயே இறுக வேண்டும் என்பதற்காகத்தான். அப்படிப்பட்ட கலவையையும் குழைத்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது.

இனி 40 மூட்டையையும் கொட்டிவிடுவதா என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். உயரமாக அடுக்கினால் மேல்மூட்டைகளின் பாரத்தில் அடிமூட்டை அழுந்தி, தொட்டால் கல்போல் இருக்கும். அது கெட்ட மூட்டை அல்ல. தரையில் நான்கைந்து முறை உருட்டிவிட்டுப் பிரியுங்கள். நடுவிலும் மூலைகளிலும் கைவிட்டுக் கட்டிகளை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். மாவாக உதிர்ந்தால் அது பாரத்தால் வந்த கட்டி. உதிராமல் துண்டு துண்டாக உடைந்தாலோ, உள்ளே மணல்போல் நறநறத்தாலோ ஈரம் பிடித்தது. சுவரை ஒட்டியும் வெறுந்தரையிலும் கிடந்தவற்றில் பெரும்பாலும் இரண்டாம் வகைதான் இருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் தனியாகப் பாருங்கள். ஒன்று நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து மூட்டையை நம்பக் கூடாது. உதிர்ந்த மாவில் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, கண்ணாடித் துண்டின்மேல் வில்லையாக வைத்து, தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். 24 மணி நேரத்தில் கரையாமல் இறுகியிருந்தால் சிமெண்டுக்கு உயிர் இருக்கிறது. எவ்வளவு பலம் என்பதை இது காட்டாது. ஆகவே தேறிய மூட்டைகளும் நடைபாதை, ஓடு பதிக்கும் அடிப்படுகை போன்ற வேலைகளுக்கு மட்டும்தான்.

பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாமே என்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டை மறுபடி சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் முறை. பலத்தின் முழு முடிவு வர 28 நாள். அதற்குள் மூட்டைக்கு இன்னொரு மாத வயது கூடிவிடும். 40 மூட்டை வைத்திருக்கும் குடும்பம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கட்டட அனுமதி தருகிறவர்கள் உயரத்தையும் பக்கத்து இடைவெளியையும் அளக்கிறார்கள். கலவையில் விழும் சிமெண்டை எட்டிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

கெட்டுப்போன சிமெண்டை ஒருவர் தேடி வந்து கேட்கிறார் என்றால் அது எங்கே போகிறது என்று யோசியுங்கள். பொடித்து, சலித்து, சாம்பலோ கல்தூளோ கலந்து, பெயர்பெற்ற நிறுவனத்தின் காலிச் சாக்கில் நிரப்பி விற்பது நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கும் மோசடி. உங்களுக்கு வரும் 'புது மூட்டை' இன்னொருவர் வீட்டுப் பழைய மூட்டையாக இருக்கலாம். காலிச் சாக்கு மேஸ்திரிக்கு என்ற வழக்கம் இதற்குத்தான் தீனி போடுகிறது. ஒவ்வொரு சாக்கையும் பிரித்த உடனே குறுக்கே கிழித்துவிடுங்கள்.

புதியதை ரசீதோடு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். சாக்கின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள்: தையலுக்குப் பக்கத்தில் நூல் இல்லாத இன்னொரு வரிசை ஊசித்துளைகள் தெரிந்தால் அது மறுபடி தைத்த சாக்கு. ஐஎஸ்ஐ முத்திரையும், தயாரித்த வாரம், மாதம், வருடமும் அழியாமல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு மூட்டையை எடை போடுங்கள். 50 கிலோ இருக்க வேண்டும். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் இறக்கி, பலகை மேல், சுவரைத் தொடாமல், பத்து மூட்டை உயரத்துக்கு மிகாமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள்.

தளம் போட்ட பிறகு தண்ணீரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெங்களூரில் டேங்கர் விலை எனக்கும் தெரியும். 2024 மார்ச்சில் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. அதைக் காட்டி மூன்று நாளில் தண்ணீரை நிறுத்திய மேஸ்திரிகள் உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு (OPC) குறைந்தது 7 நாள், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) வகைக்குக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. மூட்டையில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்து நாளைக் கணக்கிடுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்தால், தினமும் குழாய் வைத்து அடிப்பதைவிடக் குறைந்த தண்ணீரே செலவாகும். தூண்களுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, காயக் காய நனையுங்கள்.