கேள்வி-பதில்: 125 சிசியிலிருந்து டூரிங் பைக்குக்கு

கேள்வி: சில ஆண்டுகளாக 125 சிசி வண்டி ஓட்டுகிறேன். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் வரை போய்வர ஆசை. பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். வாங்கலாமா, சுசூகி வி-ஸ்ட்ராம் 650 போதுமா? — சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: நம் தென்னாப்பிரிக்காவில் உங்கள் ஓட்டுநர் உரிமம் ஏ1 என்றால் அது 125 சிசி வரைக்கும்தான், அதற்கு மேற்பட்டவற்றுக்கான ஏ உரிமம் எடுக்காமல் பெரிய வண்டியில் ஏறி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போகக்கூடும். வண்டியைக் கேட்டால், வி-ஸ்ட்ராமே போதும். அதன் 20 லிட்டர் டேங்க் நெடுந்தொலைவுக்கு ஏற்றது; எடையும் ஜி.எஸ்.ஸைவிட முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. கடையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியில் அமர்ந்தபடி சிறு ஏற்றத்தில் அதைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அது முடியாவிட்டால், பெட்டிகளில் சுமையேற்றிய பிறகு சரளைக்கல் பாதையில் உங்களால் அதைத் திருப்ப இயலாது.

கேள்வி: பழைய டூரிங் பைக் ஒன்றைக் கடையில் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இரண்டாம் கியர் நிற்காமல் நழுவுகிறது. "ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி, என்று கையெழுத்திட்டீர்களே" என்கிறார் கடைக்காரர். — ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள்; விட்டுவிடாதீர்கள். உள்ளது உள்ளபடி வாங்கியதாக எழுதி வாங்கிக்கொண்டால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று நம் ஊர் வியாபாரிகள் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தீராத எரிச்சல். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவில், பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றுள் எது வேண்டும் என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம் என்கிறது. கியர் நழுவும் என்று குறிப்பாகச் சொல்லி, அதை நீங்கள் வெளிப்படையாக ஏற்றிருந்தால் மட்டுமே கதை வேறு. பழுது பார்த்துத் தந்தபின் மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால், மாற்றுப் பொருளோ பணமோ தந்தே ஆகவேண்டும். நீர் புகாதவை என்று சொல்லி எனக்கு விற்ற பக்கப் பெட்டிகளில் முதல் மழையிலேயே துணிகளெல்லாம் நனைந்தன. அந்தக் கடைக்காரரும் பில்லின் அடியிலிருந்த அதே சொல்லைத்தான் விரலால் சுட்டிக் காட்டினார். எனவே வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். குறையையும், நீங்கள் கேட்கும் தீர்வையும் தேதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள்; இணங்காவிட்டால் மோட்டார் தொழில்துறை ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) முறையிடுங்கள். தனியாரிடம் வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் பொதுவாக உதவாது. விற்றவர் குறையை அறிந்தே மறைத்தார் என்று அவர்கள் நிறுவ வேண்டியிருக்கும்.

கேள்வி: தெரிந்தவரின் நண்பரிடம் முழுப் பணமும் கொடுத்து வாங்கினேன். பதிவுச் சான்றிதழில் உரிமைதாரர் என்று வங்கியின் பெயர் இருக்கிறது. — டொங்காட் வாசகர்

பதில்: பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டாமா? கடன் தீராத வண்டி வங்கிக்கே சொந்தம். அதை அவர்கள் மீட்டுக்கொள்ளலாம். இன்றே வங்கிக்குச் சென்று நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். விற்றவர் அதைக் கட்ட மறுத்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, புதியதைப் போன்றதே என்கிறார் விற்பவர். நம்பலாமா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயர் இப்படிப் பழையதென்றால், பட்டன் நன்றாக இருந்தாலும் அதை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.