ரேங்க் லிஸ்ட்டை மூடிவிட்டு ரெக்கார்டு நோட்டைத் திறங்கள்

போன மாதம் படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பெண், கூடவே சித்தப்பா. பெண் பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மருத்துவ நுழைவுத்தேர்வை இரண்டு முறை எழுதியாயிற்று. இரண்டு முறையும் சீட் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அப்பாவின் பைலில் இரண்டு மதிப்பெண் பட்டியல்கள், மூன்றாம் வருடத்துக்கான கோச்சிங் சென்டர் விண்ணப்பம், வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சி ஒன்றின் பளபளப்பான புத்தகம். பேசியதெல்லாம் சித்தப்பாதான்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு மேடம். இப்ப விட்டா ரெண்டு வருஷமும் வேஸ்ட். வீட்டை வெச்சாவது வெளிநாட்டுல சேத்துடலாம்னு பாக்கறோம். இவ என்னடான்னா ஆர்ட் காலேஜ்ல அனிமேஷன் படிக்கறேங்கறா. பொம்மைப் படம் போடறதெல்லாம் ஒரு படிப்பா?"

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து உயிரியல் ரெக்கார்டு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இவ கிளாஸ்ல பாதிப் பேருக்கு இவதான் படம் போட்டுக் குடுத்தா மேடம்." புரட்டிப் பார்த்தேன். சிறுநீரகத்தின் நெஃப்ரானும் இதயத்தின் குறுக்குவெட்டும் அச்சில் வந்தவை போல இருந்தன. அதைவிட என்னை நிறுத்தியது கீழ் மூலை. ஒவ்வொரு தாளிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இதயம். தாள்களைச் சர்ரென்று விட்டால் அது துடித்தது.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூலையைப் பார்த்த பிறகு அது போதாது என்று தெரிந்தது. பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நோயாளிங்க பக்கத்துல உக்காந்து பேசி, அவங்களைப் பாத்துக்கப் பிடிக்குமாம்மா?" கொஞ்சம் யோசித்தாள். "உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கப் பிடிக்கும் மேடம். தெரிஞ்சதை வரையப் பிடிக்கும்."

மருத்துவராகப் போகிற பிள்ளை சொல்லும் பதில் இல்லை இது. ஆனால் தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் பிள்ளைகளை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இதைக் கேட்ட பிறகும் மூன்றாம் வருடக் கோச்சிங்குக்கு அனுப்பினால் அது பெற்றோர் செய்யும் தவறு. இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

இரண்டு வருடம் வீணாகிவிடுமே என்று மூன்றாவதையும் போடுவது, தண்ணீர் வராத கிணற்றை அதே இடத்தில் இன்னும் ஐம்பதடி தோண்டுவது போல. அந்த இரண்டு வருடத்தில் அவள் படித்த உடற்கூறும் செல் உயிரியலும் எங்கும் போகவில்லை, அவளிடம்தான் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைக்கச் சொல்லும் உறவினர் மாதா மாதம் வட்டி கட்டப் போவதில்லை. 'நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர்' என்ற பேச்சு உறவுக்கெல்லாம் பொதுவாகலாம். படிப்பும் கடனும் அந்த ஒரு பிள்ளையின் தலையில்தான் விழும்.

அனிமேஷன் என்றதும் எல்லோரும் நினைப்பது சினிமா கிராபிக்ஸ், வீடியோ கேம், கார்ட்டூன் சேனல். அவற்றைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், விட்டுவிடுகிறேன். இந்தப் பெண்ணுக்காக நான் பேச விரும்பியது யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு வேலை: மருத்துவ, அறிவியல் அனிமேஷன்.

2020-இல் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்த அந்தக் கொரோனா வைரஸ் படத்தை நினைத்துப் பாருங்கள். சாம்பல் நிற உருண்டை, அதன்மேல் சிவப்பு முட்கள், நடுவே ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சின்னப் புள்ளிகள். பலர் அதை மைக்ராஸ்கோப்பில் எடுத்த போட்டோ என்றே நம்பினார்கள். அது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை பார்த்த அலிஸா எக்கர்ட், டேன் ஹிக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவ ஓவியர்கள் உருவாக்கியது. எந்தப் புரதத்துக்கு எந்த நிறம், வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு என்று உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க மக்கள் ஒரு கண்ணுக்குத் தெரியாத எதிரிக்குக் கொடுத்த முகம் இரண்டு ஓவியர்களின் கையில் பிறந்தது.

இந்தத் துறை நேற்று முளைத்ததும் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரக் கலைக் கல்லூரியில் படித்தவர் மாக்ஸ் புரோடல். உடலியல் அறிஞர்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர், 1894-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சைகளை வரைந்தார். 1911-இல் அங்கே மருத்துவத்துக்கான கலை என்றே ஒரு துறையைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்திலும் இதற்கான முதுகலைப் படிப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட முதுகலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முக்கியமாக இரண்டு தகுதி வேண்டும்: வரைந்த படங்களின் தொகுப்பு, கூடவே கல்லூரி அளவில் உடற்கூறும் உயிரியலும் படித்த அடித்தளம். ஓவியம் தெரிந்தவர்களில் பெரும்பாலானோருக்கு உயிரியல் தெரியாது, உயிரியல் தெரிந்தவர்களுக்கு வரைய வராது. இந்தப் பெண் அந்த இரண்டிலும் கால் வைத்திருக்கிறாள்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ட்ரூ பெர்ரி என்பவர் 1995-இலிருந்து செல்லுக்குள் நடப்பதை அனிமேஷனாகச் செய்துவருகிறார். அவர் வந்த வழி நேர் எதிர்: செல் உயிரியல் படித்துவிட்டுக் கலைக்கு வந்தார். அந்த வேலைக்காகவே 2010-இல் அவருக்கு அமெரிக்காவின் பெயர்பெற்ற மெக்ஆர்தர் உதவித்தொகை கிடைத்தது.

வேலை எப்படி நடக்கும் என்று அந்த அப்பாவுக்கு அவருடைய பெண்ணின் இதயத்தை வைத்தே விளக்கினேன். பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது? நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 துடிப்பு. ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் மேல் அறையான ஆரிக்கிள் சுருங்க 0.1, கீழ் அறையான வெண்ட்ரிக்கிள் சுருங்க 0.3, இரண்டும் தளர்ந்திருக்க 0.4. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு மார்க் கேள்வி. அனிமேட்டருக்கு இதுதான் டைமிங் சார்ட், எது எப்போது அசைய வேண்டும் என்ற அட்டவணை. விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் என்றால் ஒரு துடிப்புக்கு 19 பிரேம்தான் கிடைக்கும். ஆரிக்கிளுக்கு இரண்டரை, வெண்ட்ரிக்கிளுக்கு ஏழு, மீதி பத்துக்குக் கொஞ்சம் குறைவு, அது ஓய்வு. பிரேமை ஒழுங்காகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே சீராக அசைத்தால், திரையில் இருப்பது காற்றடித்து விடும் பலூன் போல இருக்கும். இதய நிபுணர் பார்த்த உடனே சொல்லிவிடுவார், இது இதயம் இல்லை என்று.

செல்லுக்குள் போனால் கணக்கு இன்னும் சுவாரசியம். கைனசின் என்ற புரதம் சுமையைத் தூக்கிக்கொண்டு ஒரு நுண்குழாயின் மேல் நடக்கும், ஒரு காலடிக்கு 8 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதன் உருவத்தைக் கற்பனையில் பிடிக்க வேண்டியதில்லை. 1971-இல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற தரவுக் களஞ்சியத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறு அமைப்புகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் செல்லுக்குள் உண்மையில் இடமே இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் முட்டி மோதிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் காட்டினால் எதுவுமே தெரியாது. தண்ணீரை எடுத்துவிட்டால் தெளிவாகத் தெரியும், ஆனால் புரதம் வெட்டவெளியில் தனியாக நிதானமாக நடப்பது போன்ற ஒரு பொய் வந்துவிடும். எவ்வளவு நடுக்கத்தை விட்டுவைப்பது, எதை மறைப்பது, எதை நிற்கவைத்துக் காட்டுவது? இந்த முடிவை எடுக்கத்தான் அறிவியலும் ஓவியக் கண்ணும் ஒரே ஆளிடம் தேவைப்படுகின்றன. இதையெல்லாம் சொல்லும்போது அந்தப் பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

வேலை கொடுப்பது யார் என்று அப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தங்கள் மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்று மருத்துவர்களுக்குக் காட்ட வேண்டிய மருந்து நிறுவனங்கள், புதுக் கருவியை எப்படிப் பொருத்துவது என்று அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குக் கற்பிக்கும் கருவித் தயாரிப்பாளர்கள், மருத்துவப் பாடநூல் பதிப்பாளர்கள், அருங்காட்சியகங்கள், ஆய்வுக்கூடங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் 'உங்களுக்கு ஸ்டென்ட் வைக்கப்போவது இப்படித்தான்' என்று காட்ட வேண்டிய மருத்துவமனைகளும் உண்டு. ஒரு திரைப்படம் தோற்றால் ஸ்டுடியோ ஆட்களைக் குறைக்கும். இங்கே தேவை படத்தின் வசூலைச் சார்ந்ததில்லை. அதே சமயம் இது சின்ன உலகம், ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க மாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஏஐ வந்து இதையும் பிடுங்கிக்கொள்ளாதா என்றார் சித்தப்பா. 2024 பிப்ரவரியில் ஒரு ஆய்விதழ் ஏஐ வரைந்த எலிப் படத்தோடு கட்டுரை வெளியிட்டது. உறுப்புகள் இருக்கக் கூடாத அளவில் இருந்தன, குறிப்புச் சொற்கள் எந்த மொழியிலும் சேராதவை. உலகமே சிரித்தது. சில நாட்களில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சாதாரண அலங்காரப் படம் போடும் வேலைகள் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இந்த வால்வு இந்தப் பக்கம்தான் திறக்கும்' என்று கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும்.

பேச்சு இங்கே வந்ததும் சித்தப்பா சமாதானமாக ஒரு வழி சொன்னார்: "அப்படின்னா ஆர்ட் காலேஜ் எதுக்கு? ஆறு மாச சாஃப்ட்வேர் கோர்ஸ் போதுமே." போதாது. மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அதில்தான் செய்யப்பட்டது. வீட்டில் கற்க முடியாதது வேறு. ஒரு ஆளை எதிரே நிறுத்தி மணிக்கணக்கில் வரைந்து, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று கண் பழகுவது. ஒரு பந்தை விழவைத்து எழுப்புவதில் தொடங்கி, கனத்தையும் மென்மையையும் வெறும் பிரேம் இடைவெளியால் காட்டுவது. வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு இருபது பேர் குறை சொல்லும்போது நின்று கேட்பது. கடைசி வருடத்தில் நாலு பேரோடு சண்டை போட்டுச் சமாதானமாகி ஒரு குறும்படத்தை முடிப்பது. இவற்றுக்குத்தான் கல்லூரி. முதல் வருட அட்டவணையில் பென்சிலுக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். கம்ப்யூட்டர் லேபை மட்டும் சுற்றிக்காட்டி அனுப்பும் கல்லூரியில் சேர்க்காதீர்கள்.

பணத்தைப் பற்றி நான் கறாராகத்தான் பேசுவேன், அன்றும் பேசினேன். மருத்துவத்துக்காக வீட்டை வைக்காதீர்கள் என்று சொன்னவள், அனிமேஷனுக்காக வைக்கவும் விடமாட்டேன். விளம்பரத்தில் இருக்கும் முகங்களை நம்பாதீர்கள். அந்தக் கல்லூரியில் போன இரண்டு வருடங்களில் முடித்த மூன்று பேரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். முதல் வேலையில் கையில் என்ன வந்தது, எத்தனை மாதம் வேலைக்குக் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அந்த முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல்விக் கடன் தவணை வரும் என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு வேண்டாம், அது எவ்வளவு பெயர் பெற்றதானாலும் சரி. கட்டணம் குறைந்த அரசுக் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து, அனிமேஷனை மாலை நேரத்தில் பழகுவது எத்தனையோ மேல். விலையுயர்ந்த கம்ப்யூட்டரை முதல் வருடம் வாங்கவே வாங்காதீர்கள்.

பெண்ணுக்கும் சில வார்த்தை சொன்னேன். கல்லூரியில் இருக்கும்போதே பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவரைப் பிடி. ஆய்வேட்டில் போட அவர்களுக்கு ஒரு நல்ல படம் எப்போதும் தேவைப்படும். முதல் படத்தை இலவசமாகச் செய், உன் பெயரைப் போடச் சொல். இரண்டாவதிலிருந்து இலவசம் கிடையாது. எத்தனை முறை திருத்தித் தருவாய் என்பதை எழுதி வாங்கிக்கொள், விஞ்ஞானிகள் கடைசி நாளன்று அம்புக்குறியை மாற்றச் சொல்வார்கள். படிப்பு முடியும்போது உன் கையில் மூன்று வேலை இருந்தால் போதும்: ஒரு உறுப்பு, ஒரு மூலக்கூறு, ஒரு சிகிச்சை முறை. ஒவ்வொன்றும் அரை நிமிடம். மூன்றையும் அந்தத் துறை தெரிந்த ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

கோச்சிங் விண்ணப்பத்தை அப்பா திரும்பப் பைலுக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை, நானும் கிழிக்கச் சொல்லவில்லை. மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள், அதற்குள் அந்த மூலை இதயத்தை இவள் பிளெண்டரில் சத்தத்தோடு செய்துகாட்டட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பதினோராம் நாள் இரவு எட்டரை மணிக்கு அப்பாவிடமிருந்து போன். "மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். வெண்ட்ரிக்கிள் சுருங்க ஆரம்பிக்கறப்ப அந்த வால்வு மூடுமே, 'லப்'னு சத்தம் வருமே, அதை மூணாவது பிரேம்ல வைக்கணுமா நாலாவதுலயா? ரெண்டரைல முடியுது, அரை பிரேமை எங்க தள்றதுன்னு இங்க ரெண்டு பேரும் உக்காந்து பாத்துட்டிருக்கோம்."