இஸ்ரோவுக்கு லேத் வழியாகவும் போகலாம்

ஐயா, நேற்று வள்ளியூரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இஸ்ரோ அவளுடைய ஆசை. ஏரோஸ்பேஸ் படித்தால்தான் எடுப்பார்கள் என்பது அவள் சித்தப்பாவின் பேச்சு. அதற்காக வயலை அடமானம் வைத்து, பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். நாம் பேசி முடிக்கும்வரை அவள் என் மேசை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "புஷ் தேஞ்சிருக்கு சார், அதான் சத்தம்" என்றாள்.

கவலைப்படாதீர்கள் என்று நேற்று சொன்னேன். அது போதாது. அந்தக் கடனை வாங்காதீர்கள். இஸ்ரோ பொறியாளர் பணிக்குப் பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்.

நம் நாட்டு ராக்கெட் கதையே பட்டறையில் தொடங்கியதுதான். 1963 நவம்பர் 21-ல் கேரளக் கடற்கரையில் உள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ஒரு பழைய தேவாலயம்தான் வேலை நடந்த இடம். பாகங்கள் சைக்கிளில் போயின. 1975-ல் பறந்த நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா, பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை ஷெட்டுகளில் உருவானது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்ததே, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டில் ஒரு வால்வு பழுதானதால்தான். அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. வால்வைப் பொருத்திக் கசிவு பார்க்கும் கைக்கு அங்கே அவ்வளவு வேலை இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சின்களை இயக்கிச் சோதிக்கும்போதும் அப்படித்தான்.

அதனால் பாலிடெக்னிக்கைப் பாருங்கள். பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் படித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், மெக்கானிக்கல் எடுக்கட்டும். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடைவாள், மைக்ரோமீட்டர் பிடித்து நுட்பமாக அளப்பாள், வெல்டிங் கற்பாள். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதல் வகுப்பில் தேறினால், இஸ்ரோ அறிவிப்பு வரும்போது டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு எழுதலாம். மேலே படிக்க வேண்டுமா, பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொத்தத்தில் ஒரு வருடம்தான் கூடுதல். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்து, அப்புறம் பொறியியலுக்குப் போனவர்தான்.

இஸ்ரோவில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் கோவை, ஓசூர் தொழிற்சாலைகளில் இதே கைவேலைக்கு இடம் உண்டு. ஆனால் அடகு வைத்த வயல் அவ்வளவு லேசில் திரும்பாது.

சித்தப்பாவுக்குப் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு, அதை அவள் தலையில் போடாதீர்கள். கடன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, பக்கத்து அரசு பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருநாள் அவளோடு போய் வாருங்கள்.