மகனின் கோல்ஃபுக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பள்ளி நாட்களிலிருந்து கோல்ஃப் விளையாடுகிறான். மாநில அளவிலான அமெச்சூர் போட்டிகளில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிடுகிறான். இந்த ஆண்டே தொழில்முறை வீரனாக மாற ஆசைப்படுகிறான். அதற்காக வீட்டின் பேரில் 25 லட்சம் ரூபாய் கடன் வாங்கலாம் என்கிறார் என் கணவர். அவர் ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஃபிக்சட் டெபாசிட்டில் 14 லட்சம் வைத்திருக்கிறோம். கடன் வாங்கலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மகனின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோல்ஃபில் பணம் வரும் விதம் மாதத் தவணைக்கு ஒத்துவராது என்பதுதான் காரணம்.

இந்திய தொழில்முறை டூரில், அதாவது ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடரில், ஒரு போட்டி வழக்கமாக நான்கு நாள் நடக்கும். இரண்டாம் நாள் முடிவில் 'கட்' விழும். ஏறத்தாழ முதல் ஐம்பது பேர் மட்டுமே அதைத் தாண்டுவார்கள். மற்றவர்கள் ஒரு ரூபாய்கூட இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும். நுழைவுக் கட்டணம், ரயில், அறை வாடகை, மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளரான கேடிக்குக் கொடுக்கும் கூலி எல்லாம் அவர்கள் கைப்பணம்தான். மொத்தப் பரிசு ஒரு கோடி என்று செய்தியில் படிப்போம். அதில் வென்றவருக்குப் போவது சுமார் 15 லட்சம். கீழே போகப் போகத் தொகை வேகமாகச் சுருங்கிவிடும்.

கடன் கணக்கைப் பாருங்கள். 25 லட்சம், 10 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 33,000 ரூபாய். பயிற்சியாளர், பயணம், கேடி எல்லாம் சேர்த்து மாதம் ஒரு லட்சம் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், பணம் இரண்டே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தவணையோ உங்கள் கணவர் ஓய்வுபெற்ற பிறகும் ஆறு ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு ஆண்டு என்பது கோல்ஃபில் எவ்வளவு குறைவு என்பதற்கு எஸ்.எஸ்.பி. சௌராசியாவைச் சொல்லலாம். கொல்கத்தா கோல்ஃப் கிளப் ஒன்றின் புல்தரைப் பணியாளரின் மகன் அவர். 1997-ல் தொழில்முறைக்கு வந்தார். ஐரோப்பிய டூரின் முதல் பட்டம் அவருக்கு 2008-ல்தான், டெல்லியில் கிடைத்தது. நடுவில் அவர் உள்நாட்டுப் போட்டிகளில் வென்று தன்னைத் தாக்குப்பிடிக்க வைத்துக்கொண்டார். மறுபக்கம், இன்னொரு இந்திய வீரர் அனிர்பன் லாஹிரி, அமெரிக்காவில் நடக்கும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2022-ல் இரண்டாம் இடம் பிடித்து ஒரே வாரத்தில் 21 லட்சத்து 80 ஆயிரம் டாலர் ஈட்டினார். அந்த வாரத்தை மட்டும் பார்த்துக் கனவு காண்பதைத்தான் நான் தடுக்க விரும்புகிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், இன்னும் ஓராண்டு அவன் அமெச்சூராகவே இருக்கட்டும். 2022 ஜனவரியில் அமெச்சூர் விதிகள் தளர்ந்தன. இப்போது அமெச்சூர் வீரரும் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து ஸ்பான்சரிடம் பணம் பெறலாம். ஒரு போட்டியில் 1,000 டாலருக்கு மேற்பட்ட பரிசைத்தான் வாங்கக் கூடாது. பல குடும்பங்களுக்கு இந்த மாற்றம் இன்னும் தெரியவில்லை. கோவையிலும் திருப்பூரிலும் தொழில் நடத்தும் கோல்ஃப் ஆர்வலர்களிடம் அவனே நேரில் போய்க் கேட்கட்டும். வெளியாள் ஒருவர் பணம் போட முன்வருகிறாரா என்பது அவன் ஆட்டத்துக்கும் ஒரு நேர்மையான மதிப்பீடு.

அதன்பின் தொழில்முறைக்கு மாறினால், உங்கள் டெபாசிட்டிலிருந்து 6 லட்சம் கொடுங்கள். அது திரும்பி வராது என்று எண்ணியே கொடுங்கள். மீதி 8 லட்சத்தையும் கணவரின் பி.எஃப். தொகையையும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். அந்த 6 லட்சத்தை அவன் பேரில் தனி வங்கிக் கணக்கில் போட்டு, செலவு முழுவதும் அதன் வழியாகவே நடக்கட்டும். ஸ்பான்சர் பணமும் பரிசும் அதே கணக்குக்கு வரட்டும். இரண்டு சீசன் முடிவில், ஆடிய போட்டிகளில் பாதியிலாவது கட் தாண்டினானா என்று பாருங்கள். இல்லையென்றால் முழுநேர ஆட்டத்தை நிறுத்தும் பேச்சை எடுங்கள். இந்த அளவுகோலை இன்றே அவனோடு பேசி எழுதி வையுங்கள். தோற்றுத் திரும்பிய ஒரு வாரத்தில் அதைப் பேச முடியாது, மனம் இடம் கொடுக்காது.

வரி பற்றி ஒன்று. தொழில்முறை வீரரின் பரிசுத் தொகை லாட்டரிப் பணம் அல்ல, தொழில் வருமானம். எனவே பயணம், கேடி, பயிற்சிச் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பில்லையும் சேர்த்து வையுங்கள். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் நஷ்டமே வரும். கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை பின்வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம். வருமானம் இல்லையே என்று தாக்கல் செய்யாமல் விட்டால் அந்த உரிமை போய்விடும்.

மணிக்கட்டும் முதுகும்தான் அவன் மூலதனம். அதனால் வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு இழப்பீடு தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றை எடுங்கள். தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயம் அதில் விலக்கப்படவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டப்படிப்பு பாதியில் இருந்தால் இந்த அமெச்சூர் ஆண்டிலேயே அதை முடிக்கச் சொல்லுங்கள்.