டிராக்டருக்கு ஆர்.சி. இருக்கிறது, டிரெய்லருக்கு?

கேள்வி: எனக்கு விழுப்புரம் மாவட்டம். நாலு ஏக்கர் கரும்பு, கொஞ்சம் நெல். சொந்த டிராக்டர் இருக்கிறது, ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது பக்கத்து ஊரில் ஒருவரிடம் பழைய டிப்பர் டிரெய்லர் ஒன்றை விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். பட்டறையில் அடித்த டிரெய்லர், அதற்கென்று நம்பர் கிடையாது. "டிராக்டர் நம்பரைப் பின்னால் எழுதிக்கொண்டால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் விற்பவர். அது சரிதானா? எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டுமா? என்னிடம் இருப்பது கார் ஓட்டும் லைசென்ஸ்தான், அது போதுமா? வெட்டு இல்லாத மாதங்களில் எம்-சாண்ட், செங்கல் ஏற்றி வாடகைக்கு விடலாம் என்றும் ஒரு எண்ணம். நடவு ஆட்களையும் இதிலேயே கூட்டிப் போகலாமா?

பதில்: முதலில், பாக்கிப் பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, "மோட்டார் வாகனம்" என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. எஞ்சின் இல்லை, தானாக நகராது என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. சாலைக்கு வந்தால் அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர், தனி இன்சூரன்ஸ் வேண்டும். டிராக்டரின் காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது கொக்கியோடு நின்றுவிடும், அதற்குப் பின்னால் வராது. நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலான தகராறுகள் இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் வருகின்றன.

விற்பவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். சட்டத்தின் 61-வது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. டிரெய்லருக்குக் கொடுத்த நம்பர் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கிற வண்டியின் நம்பர் டிரெய்லரின் பின்பக்கம் தெரிய வேண்டும்; இரண்டு டிரெய்லர் மாட்டியிருந்தால் கடைசி டிரெய்லரில். ஆக டிராக்டர் நம்பரைப் பின்னால் எழுதச் சொன்னது சரி. அது மட்டும் போதும் என்றதுதான் தவறு. பக்கவாட்டில் டிரெய்லரின் சொந்த நம்பரும் இருக்க வேண்டும்.

அந்த நம்பரை இப்போது வாங்க முடியுமா என்பதுதான் உங்கள் நிஜப் பிரச்சினை. டிரெய்லரைப் பதிவு செய்ய, செய்தவர் தரும் விற்பனைச் சான்று (படிவம் 21), சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று (படிவம் 22), இவற்றோடு அந்த டிரெய்லரின் வடிவமைப்புக்குப் போக்குவரத்துத் துறை கொடுத்த ஒப்புதலின் நகல் ஆகியவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-வது விதி கேட்கிறது. சேஸிஸ் எண்ணும் பொறித்திருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய பட்டறைகள் இருக்கின்றன, அவர்கள் கேட்டால் காகிதம் தருவார்கள். ஒப்புதல் இல்லாமல் இரும்பு வாங்கி வெல்டிங் வைத்துக் கொடுக்கிற பட்டறைகளும் நிறைய. நீங்கள் பார்த்திருப்பது இரண்டாவது வகை என்றால், டிரெய்லர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை நிறுத்தி நம்பர் வாங்குவது நடக்காத காரியம்.

எனவே விற்பவரிடம் எந்தப் பட்டறையில், எந்த ஆண்டு செய்தது என்று கேளுங்கள். நேரில் போய் அந்தக் காகிதங்கள் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் நம்பர் உள்ள டிரெய்லரைத் தேடுங்கள். நம்பர் உள்ளதை வாங்கினால் படிவம் 29, 30 எழுதி 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சிலர் வருடக்கணக்கில் பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுகிறார்கள். விபத்து நடந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும்.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம் போட 192-வது பிரிவில் இடமிருக்கிறது, அடுத்த தடவை 10,000 வரை. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196-வது பிரிவின்படி 2,000, மறுபடியும் பிடித்தால் 4,000, சிறையும் உண்டு. ஆனால் அபராதத்துக்காக மட்டும் பதிவும் இன்சூரன்ஸும் எடுக்காதீர்கள். பின்னால் சொல்லப்போகும் இன்சூரன்ஸ் கதையை நினைத்துச் செய்யுங்கள்.

எஃப்.சி. விஷயத்துக்கு வருவோம். ஆர்.சி.யில் வாகன வகை என்று ஒரு வரி இருக்கும். அதில் விவசாய டிரெய்லர் என்று இருந்தால் அது சொந்த உபயோக வண்டிகளின் கணக்கில் வரும். பதிவு 15 வருடம் செல்லும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கமர்ஷியல் டிரெய்லர் என்று இருந்தால் எஃப்.சி. கட்டாயம். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். வரி, பெர்மிட் விஷயங்களும் கூடவே வரும். உங்கள் கரும்பை ஆலைக்குக் கொண்டுபோவது விவசாய வேலை. எம்-சாண்டும் செங்கலும் வாடகைக்கு அடிப்பது விவசாய வேலை இல்லை. விவசாயப் பதிவில் இருக்கிற டிரெய்லரை வைத்து அதைச் செய்யக் கூடாது. வாடகை வருமானம் உண்மையிலேயே தேவை என்றால் டிராக்டர், டிரெய்லர் இரண்டையும் கமர்ஷியலாக மாற்றிக்கொண்டு செய்யுங்கள். நாலு ஏக்கர்காரருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ உங்கள் நிலையில் கட்டுப்படியாகாது என்றுதான் படுகிறது.

லைசென்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டிராக்டரின் வெற்று எடை 7,500 கிலோவுக்கு உள்ளே இருந்தால் அது இலகுரக வாகனம்தான், உங்கள் டிராக்டர் அதில் பாதிகூட இருக்காது. டிரெய்லரை மாட்டிச் சரக்கு ஏற்றிவிட்டதாலேயே டிராக்டர் ஓட்டும் லைசென்ஸ் செல்லாததாகிவிடாது என்று நாகஷெட்டி வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. லைசென்ஸ் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொண்டால் சரி. லைசென்ஸ் இல்லாத பையனிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து ஓட்டுகிற விதம். காகிதத்தைவிட எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

பழைய பட்டறை டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. 2 டன் டிராக்டர், பின்னால் 6 டன் டிரெய்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போடும்போது 2 டன் வண்டியின் சக்கரம்தான் மொத்த 8 டன்னையும் நிறுத்தியாக வேண்டும். சமதளத்தில் எப்படியோ நின்றுவிடும். ஏரிக்கரை இறக்கத்திலும் பாலத்து இறக்கத்திலும் டிரெய்லர் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் டிராக்டர் ஒரு பக்கம், டிரெய்லர் ஒரு பக்கம் என்று மடங்கிக்கொள்ளும். இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டோ நியூட்ரலில் போட்டோ வராதீர்கள், டீசல் மிச்சமாகிறது என்று சிலர் செய்கிறார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், எஞ்சினே பிடித்துக்கொண்டு வரும். வாங்கும்போதே பிரேக் உள்ள டிரெய்லராகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருப்பது உங்களுக்குத் தெரியும். வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருப்பீர்கள். தார்ச்சாலை ஏறும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற தாழைப் போட்டே ஆக வேண்டும். அதைப் போடாமல் அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், டிராக்டர் அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். வயலிலிருந்து நேராகச் சாலைக்கு ஏறுகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

அப்புறம் கொக்கி பின். கொக்கியில் போடுகிற பின்னைத் தொலைத்துவிட்டு, கிடைத்த போல்ட்டையோ கம்பியையோ செருகி ஓட்டும் டிராக்டர்கள் எத்தனையோ ஆய்வு மைதானத்துக்கு வந்து பார்த்திருக்கிறேன். பின்னை வெளியே எடுத்துப் பாருங்கள். நடுவில் தேய்ந்து கழுத்து போல ஒடுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். டிரெய்லர் முனையில் உள்ள வளையமும் அப்படித்தான், வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடி விழும். பின்னின் அடியில் கிளிப் இருக்க வேண்டும், இல்லையென்றால் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறிக் கழன்றுவிடும். அதற்கும் மேல் பாதுகாப்பாக ஒரு கனமான சங்கிலியை டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து மாட்டிவையுங்கள். முன்கம்பி சேஸிஸோடு சேரும் இடத்தில் வெல்டிங்கைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டுக்கு மேல் மெல்லிய துருக்கோடு ஓடினால் உள்ளே விரிசல் விழுந்திருக்கிறது. மேலே பெயின்ட் அடித்து விற்க வருகிற டிரெய்லரில் இந்த இடத்தை விடாமல் பாருங்கள்.

டிரெய்லரைத் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரமான இடத்தில், டாப் லிங்க் (கலப்பை போன்ற கருவிகளை மேலே பிடிக்கிற கம்பி) பக்கம் கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். டிப்பரைத் தூக்கும்போது மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் போகக் கூடாது.

சுமையில் கணக்கு எளிது. ஆர்.சி.யில் சுமையோடு எடை, வெற்று எடை என்று இரண்டு எண் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. ஒரு யூனிட் எம்-சாண்ட் என்பது 100 கன அடி, அதுவே நாலரை டன்னைத் தாண்டும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். பலகை வைத்து உயர்த்தி ஒன்றரை யூனிட் ஏற்றுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. அதிக சுமைக்கு 194-வது பிரிவு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 என்கிறது. இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் இன்னொன்றும் உண்டு. சுமை அச்சுக்குப் பின்னால் அதிகமாகிவிட்டால் முன்கம்பி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லாமல் போகும்.

ராத்திரிப் பயணத்தில் இன்னும் கவனம் வேண்டும். கரும்பு ஏற்றிய டிரெய்லரில் தோகை பின்னால் தொங்கி விளக்கை மூடிவிடும். டிராக்டர் மெதுவாகப் போவது பின்னால் வேகமாக வருகிற பைக்காரருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. டிராக்டரின் பின்னால் டிரெய்லருக்கான சாக்கெட் இருக்கும், அதில் வயரைச் செருகி டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் எரிகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்பக்கம் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். சுமை நீட்டிக்கொண்டிருந்தால் அதன் முனையிலும் சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ கட்டுங்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்துப் போடுங்கள். விட்டுப்போன அந்தக் கல்லில் ஏறி விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக ஆட்களை ஏற்றுவது. கூடாது. சரக்குக்கான டிரெய்லரில் ஆட்களுக்கு இடமில்லை, உட்காருவதற்குப் பிடிமானமும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் கான்பூர் பக்கமும், 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்ச் பக்கமும் பக்தர்களை ஏற்றிப் போன டிராக்டர் டிரெய்லர்கள் குளத்தில் கவிழ்ந்தன. ஒவ்வொன்றிலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

இன்சூரன்ஸ் கதை என்றேனே, அது இங்கேதான் வருகிறது. டிராக்டர் பாலிசியில் விவசாய வேலைக்கு மட்டும் என்ற வரி இருக்கும். பிரிஜ் மோகன் வழக்கில், செங்கல் சூளைக்கு மண் எடுக்கப் போன கூலித் தொழிலாளி ஒருவர் டிரெய்லரில் போகும்போது விழுந்து அடிபட்டார். டிராக்டருக்குத்தான் பாலிசி இருந்தது, அதுவும் விவசாயத்துக்கு. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் ஏழைத் தொழிலாளி என்பதால், தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. வசூல் என்று வந்தால் அது உங்கள் நிலத்தில்தான் வந்து நிற்கும். டிரெய்லருக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்து, டிராக்டர் பாலிசியிலும் அதன் நம்பரைக் குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் கரும்பைக் கூலிக்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் அதையும் ஏஜெண்டிடம் மறைக்காமல் சொல்லி, பாலிசியில் எழுதி வாங்குங்கள்.

நடவு ஆட்களுக்கு ஒரு ஷேர் ஆட்டோவோ வேனோ பேசிக்கொள்ளுங்கள். கூலியோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தலைக்குப் பெரிதாக வராது.